கர்ப்பப்பையில் ஒன்று, குழாயில் ஒன்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கர்ப்பிணிகள் கேட்டது, கூட வந்த கணவரும் அம்மாவும் கேட்டது, பயிற்சி மருத்துவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது எல்லாம் கலந்திருக்கும். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது, இப்போது அடிவயிற்றில் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

"ஒரு கரு கர்ப்பப்பையில, இன்னொண்ணு டியூப்லயா? ஒரே நேரத்துல எப்படி டாக்டர்?"

நடக்கும். ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளியாகி, இரண்டும் கருவுற்றால் வழக்கமாக இரட்டைக் குழந்தைகள் உண்டாகும். அதில் ஒன்று கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ள, மற்றது வழியிலேயே கருக்குழாயில் தங்கிவிட்டால் அதுதான் இது. மருத்துவர்கள் ஹெட்டரோடோபிக் கர்ப்பம் என்பார்கள். வெளியே தங்கும் கரு பெரும்பாலும் குழாயில்தான் இருக்கும். குழாய் கர்ப்பப்பையோடு சேரும் மூலை, சினைப்பை, கர்ப்பப்பை வாய், பழைய சிசேரியன் தழும்பு என்று வேறு இடங்களிலும் அபூர்வமாகத் தங்கலாம்.

இது இன்றைக்கு வந்த கோளாறு இல்லை. 1708-லேயே பிரெஞ்சு உடற்கூறியலாளர் துவெர்னே, இறந்த ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதித்தபோது இதைக் கண்டிருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்க அன்றைக்கு வழி இல்லை.

"இது லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்னு சொன்னாங்களே?"

பழைய புத்தகங்களில் 30,000 கர்ப்பத்தில் ஒன்று என்று இருக்கும். அந்த எண் 1948-ல் வந்தது. யாரும் முப்பதாயிரம் கர்ப்பங்களை எண்ணிப் பார்த்து அதைச் சொல்லவில்லை. குழாய்க் கர்ப்பம் வரும் விகிதத்தையும் இரட்டைக் கரு உண்டாகும் விகிதத்தையும் பெருக்கி எடுத்தார்கள். அதற்குப் பிறகு குழாய்க் கர்ப்பமும் கூடியது, கருத்தரிப்புச் சிகிச்சையால் இரட்டைக் கருவும் கூடியது. ஐ.வி.எஃப். (முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து கர்ப்பப்பைக்குள் வைப்பது) போன்ற சிகிச்சையில் கருத்தரித்தவர்களிடம் ஆயிரத்தில் ஒன்று முதல் நூற்றில் ஒன்று வரை என்று சொல்கிறார்கள்.

ஆகவே "அபூர்வம்" என்ற சொல், தானாகக் கருத்தரித்தவருக்குப் பொருந்தும் அளவுக்கு ஐ.வி.எஃப். செய்துகொண்டவருக்குப் பொருந்தாது. முப்பதாயிரத்தில் ஒன்று என்று மனதில் பதிந்துபோன மருத்துவர் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கவே மாட்டார் என்பதுதான் அந்தப் பழைய எண்ணோடு எனக்கு உள்ள சண்டை.

"யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?"

முன்பு குழாய்க் கர்ப்பம் வந்தவர்கள், குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கிளமிடியா, கொனோரியா, காசநோய் போன்ற தொற்று இடுப்புக்குள் வந்து குழாயில் தழும்பு விட்டவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள். இவை எல்லாக் குழாய்க் கர்ப்பத்துக்கும் பொதுவானவை. இவற்றோடு, முட்டை வளர மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை உள்ளே வைத்துக்கொண்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக வலியை ஒதுக்கிவிடக் கூடாது.

"ஐ.வி.எஃப்.ல கருவை நேரா கர்ப்பப்பைக்குள்ளதானே வைக்கிறாங்க? அப்புறம் அது எப்படி டியூப்புக்குப் போச்சு?"

வைத்த அன்றே கரு ஒட்டிக்கொள்வதில்லை. அதற்குச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை கர்ப்பப்பைக்குள் மிதந்துகொண்டிருக்கும். கர்ப்பப்பை லேசாகச் சுருங்கி விரிந்துகொண்டேதான் இருக்கிறது. கருவோடு சேர்த்து உள்ளே விட்ட துளி திரவமும் இருக்கிறது. இந்த ஓட்டத்தில் கரு குழாய் பக்கம் போய்விடலாம். நல்ல குழாய் அதைத் திரும்பத் தள்ளிவிடும். தழும்பு உள்ள குழாய்க்கு அந்தச் சக்தி இருக்காது.

ஒரே ஒரு கருவை வைத்தவருக்கும் இது வந்திருக்கிறது. அந்த மாதம் அவருக்குத் தானாகவே ஒரு முட்டை வெளியாகி, உடலுறவால் அது கருவுற்றிருந்தால் இரண்டாவது கரு அங்கிருந்து வந்திருக்கும்.

"எனக்கு ரெண்டு டியூப்பையும் எடுத்தாச்சு. எனக்கு வராதுதானே?"

வாய்ப்பு வெகுவாகக் குறையும், பூஜ்யம் ஆகாது. குழாயின் ஒரு சிறு பகுதி கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அறுவை சிகிச்சையில் அது அங்கேயே நின்றுவிடும். அந்த மிச்சத்தில் கரு தங்கலாம்.

"இதுக்கு என்ன அறிகுறி? எனக்கு ரத்தமே படலையே."

அடிவயிற்று வலிதான் முதல் அறிகுறி. பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும், ஆனால் நடுவில், முழு வயிற்றிலும்கூட இருக்கலாம். வெறும் குழாய்க் கர்ப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுவது வழக்கம். இங்கே கர்ப்பப்பையின் உள்சவ்வை உள்ளே இருக்கும் கர்ப்பம் பிடித்து வைத்திருப்பதால் ரத்தம் படாமலே போகலாம். ரத்தம் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வயிறு விறைத்து, தொட்டாலே வலிக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும், நாடி வேகமாக அடிக்கும், கை கால் சில்லிடும். மலம் கழிக்க வேண்டும் போன்ற அழுத்தமும் வரலாம். ரத்தம் இடுப்பின் அடிக்குழியில் தேங்கி மலக்குடலை அழுத்துவதால் அப்படி. கழிவறையில் மயங்கி விழுந்த கர்ப்பிணியை, சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

கொஞ்சமும் வலியே இல்லாமல், வழக்கமான ஸ்கேனில் மட்டும் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

"தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னா டாக்டர் ஏன் பதறுறாங்க?"

வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் அங்குள்ள நரம்பு உறுத்தப்படும். அந்த நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருவது. அதனால் மூளை அந்த வலியைத் தோள் நுனியில் இருப்பதாக உணர்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில், படுத்தால் கூடும் தோள் நுனி வலியும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அது சுளுக்கு என்று தைலம் தேய்க்கும் விஷயம் அல்ல.

"பீட்டா எச்.சி.ஜி. நல்லா ஏறிக்கிட்டு இருக்கு. அப்போ எல்லாம் சரிதானே?"

இந்த ஒரு விஷயத்தில்தான் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். எச்.சி.ஜி. என்பது கர்ப்பம் சுரக்கும் ஹார்மோன், ரத்தத்தில் அளப்பார்கள். வெறும் குழாய்க் கர்ப்பத்தில் அது பெரும்பாலும் மந்தமாக ஏறும். ஆரோக்கியமான கர்ப்பத்தில் ஆரம்ப வாரங்களில் 48 மணி நேரத்துக்குள் குறைந்தது பாதி அளவாவது கூடும். அப்படிக் கூடவில்லை என்றால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும், தேடுவார்.

ஹெட்டரோடோபிக்கில் உள்ளே இருக்கும் நல்ல கர்ப்பம் தன் பங்குக்கு எச்.சி.ஜி.யை அழகாக ஏற்றிக்கொண்டிருக்கும். குழாயில் இருப்பது சேர்க்கும் கொஞ்சம் அதில் கரைந்துவிடும். ரத்தத்தில் கிடைப்பது இரண்டின் கூட்டுத்தொகை. எது எவ்வளவு என்று எந்தப் பரிசோதனைக் கூடமும் பிரித்துச் சொல்லாது. ஆகவே நல்ல எச்.சி.ஜி. எண், கர்ப்பப்பைக்குள் ஒரு நல்ல கர்ப்பம் இருக்கக்கூடும் என்பதற்கு மட்டுமே சாட்சி. இந்த விஷயம் கீழே இரண்டு இடங்களில் திரும்ப வரும்.

"போன வாரம் ஸ்கேன் எடுத்தோம், கர்ப்பப்பையில குழந்தை இருக்கு, எல்லாம் நார்மல்னாங்க. இந்த வாரம் டியூப் வெடிச்சிருக்கு. ஸ்கேன் பண்ணவங்க கவனிக்கலையா?"

கவனிக்காமலும் இருந்திருக்கலாம், கவனித்தும் தெரியாமல் இருந்திருக்கலாம். இரண்டும் நடக்கிறது.

முதலாவதைச் சொல்கிறேன். ஆரம்ப கர்ப்பத்தில் ஸ்கேன் எடுப்பவரின் மனம் முழுக்க ஒரே கேள்வியில் இருக்கும்: கர்ப்பம் கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா? பை தெரிகிறது, உள்ளே கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பை தெரிகிறது, துடிப்பு தெரிகிறது. "இருக்கு" என்றவுடன் படுத்திருப்பவர் முகத்தில் சிரிப்பு, கணவர் போனை எடுக்கிறார், கருவியைப் பிடித்திருக்கும் கையும் தளர்ந்துவிடுகிறது. தேடியது கிடைத்ததும் தேடுவதை நிறுத்துவது மனித சுபாவம். ஆனால் இரு பக்கச் சினைப்பைகளையும், அவற்றுக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே உள்ள இடத்தையும், கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள குழியையும் பார்த்த பிறகுதான் அந்த ஸ்கேன் முடிகிறது. அறிக்கையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாவது. ஐந்து வாரத்தில் குழாயில் இருக்கும் கரு சில மில்லிமீட்டர்தான். குடல் வாயு அதன்மேல் நின்றால் தெரியாது. முட்டை வளர ஊசி போட்டவர்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிகளோடு பெரிதாகிப் பக்கத்தில் உள்ளதை எல்லாம் மறைத்துவிடும். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இன்னும் கஷ்டம். பெண்ணுறுப்பு வழியாக எடுப்பதுதான் இதற்குச் சரியான வழி. பதிவான நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 70 சதவீதம் 5 முதல் 8 வாரத்துக்குள்ளும், 20 சதவீதம் 9, 10 வாரங்களிலும், மீதி 11 வாரத்துக்குப் பிறகும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஆகவே ஒரு ஸ்கேன் நார்மல் என்பது அன்றைய நிலவரம். வலி வந்தால் மறுபடி பார்த்தாக வேண்டும்.

"சினைப்பையில நீர்க்கட்டி மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுவும் டியூப் கர்ப்பமா இருக்குமோன்னு பயமா இருக்கு."

பெரும்பாலும் இருக்காது. முட்டை வெளியான இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு கட்டி உருவாகி, முதல் சில வாரங்களுக்குக் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கிறது. தானாகக் கருத்தரித்த எல்லோருக்கும் அது இருக்கும். சில சமயம் அதற்குள்ளேயே ரத்தம் கசிந்து வலியும் வரும்.

சிக்கல் என்னவென்றால் திரையில் இரண்டும் வளையம் மாதிரித்தான் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் இரண்டைச் சுற்றியும் நெருப்பு வளையம் போல நிறம் எரியும். அதனால் நிறத்தை நம்பி முடிவு செய்வதில்லை. நான் முதலில் பார்ப்பது, அந்த வளையம் சினைப்பைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை. பிறகு உள்ளே இருக்கும் கருவியால் மெதுவாக அழுத்தி, வெளியே வயிற்றின் மேல் கையை வைத்து அசைத்துப் பார்ப்பேன். சினைப்பையும் வளையமும் சேர்ந்தே நகர்ந்தால் கார்பஸ் லூட்டியம். சினைப்பை ஒரு பக்கம் வழுக்கிப் போக, வளையம் தனியாக நின்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குழாய்க் கர்ப்பத்தின் வளையம் பொதுவாக அதிக வெண்மையாகவும் தடிப்பாகவும் இருக்கும். அந்த வளையத்துக்குள் மஞ்சள்கருப் பையோ துடிப்போ தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

வயிற்றுக்குள் திரவம் தெரிந்தால் அதன் தன்மையையும் பார்ப்போம். முட்டை ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டவர்களுக்குத் தெளிந்த நீர் சேரும். ரத்தம் என்றால் கலங்கலாக, துகள் துகளாகத் தெரியும்.

"உல்டாவா கேக்கறேன். டியூப்ல இருக்கிறது நிச்சயம்னா, கர்ப்பப்பைக்குள்ள தெரியறது நிஜமான கர்ப்பமா, பொய்யா?"

ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டது, நல்ல கேள்வி. குழாய்க் கர்ப்பத்தில் கர்ப்பப்பைக்குள் சிறிது திரவம் தேங்கிப் பை மாதிரி தெரிவதுண்டு. அது உள்வெளியின் நடுவில், இடத்துக்கு ஏற்ற வடிவத்தில் இருக்கும். அடுத்த முறை பார்த்தால் வடிவம் மாறியிருக்கும். உண்மையான பை சவ்வுக்குள் ஒரு பக்கமாகப் புதைந்து, வட்டமாக, வெண்மையான விளிம்போடு இருக்கும். உள்ளே மஞ்சள்கருப் பை தெரிந்தால் உறுதி. அது சாதாரணமாக ஐந்தரை வாரத்தையொட்டித் தெரியும்.

இந்த வித்தியாசம் வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பொய்ப் பையை நிஜம் என்று எடுத்துக்கொண்டால் குழாய்க் கர்ப்பம் தவறிப்போகும். நிஜப் பையைப் பொய் என்று எடுத்துக்கொண்டால் நல்ல கர்ப்பத்துக்கு விஷம் போன்ற ஊசியைப் போட்டுவிடுவோம்.

"டியூப்ல இருக்கிற கருவை எடுத்துக் கர்ப்பப்பைக்குள்ள வெச்சுட முடியாதா?"

முடியாது. ஒட்டிக்கொண்ட கருவைப் பிரித்து வேறு இடத்தில் ஒட்டவைக்க எந்த வழியும் இல்லை.

"எங்க அக்காவுக்கு டியூப் கர்ப்பம் வந்தப்போ ஊசி போட்டே சரி பண்ணிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?"

அக்காவுக்குப் போட்டது மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கும். வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் பயன்படாமல் தடுத்து அவற்றை நிறுத்திவிடும் மருந்து. உடல் முழுக்கப் பரவுவதால் இந்தக் கரு, அந்தக் கரு என்று அது பார்க்காது. கர்ப்பப்பைக்குள் இருக்கும் குழந்தையும் கலையலாம். கலையாமல் தப்பினால் கடுமையான பிறவிக் குறைபாடு வரலாம். இந்த ஊசி போட்டவர்களை, அடுத்து குறைந்தது மூன்று மாதம் கருத்தரிக்க வேண்டாம் என்று சொல்வதே அதனால்தான்.

கர்ப்பப்பைக்குள் உள்ள கர்ப்பம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால், அல்லது அதைத் தொடர வேண்டாம் என்று அந்தப் பெண்ணே முடிவெடுத்திருந்தால் மட்டுமே இங்கே அந்த மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

"அப்போ ஆபரேஷனைத் தவிர வழியே இல்லையா?"

நிலைமை சீராக இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்கேனைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் குழாயில் உள்ள பைக்குள் செலுத்தி, பொட்டாசியம் குளோரைடையோ செறிந்த குளுக்கோஸையோ விட்டு, உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பார்கள். மருந்து அந்த இடத்தோடு நிற்பதால் உள்ளே உள்ள குழந்தைக்குப் பரவாது.

குழாயைப் பொறுத்தவரை எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பொட்டாசியம் குளோரைடு துடிப்பை நிறுத்தும். குழாய்ச் சுவரைத் துளைத்து வேர்விட்ட திசுவை அழிக்காது. அது அங்கேயே இருந்து பின்னால் ரத்தம் கசிந்து, கடைசியில் அறுவை சிகிச்சைக்கே வந்து நிற்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய், சிசேரியன் தழும்பு போன்ற, அறுத்தால் ரத்தம் கொட்டும் இடங்களில்தான் இந்த முறைக்கு மதிப்பு அதிகம்.

"ஒண்ணும் பண்ணாம பார்த்துக்கிட்டே இருந்தா தானா கரையாதா?"

குழாயில் உள்ள கருவுக்குத் துடிப்பு இல்லை, அளவு சிறியது, வயிற்றுக்குள் ரத்தம் இல்லை, வலி இல்லை என்றால் சில மருத்துவர்கள் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் காத்திருப்பார்கள். வெறும் குழாய்க் கர்ப்பத்தில் காத்திருக்கும்போது எச்.சி.ஜி. இறங்குவதைப் பார்த்துத் தைரியமாக இருக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை, காரணம் மேலே சொன்னதுதான். மருத்துவமனை பக்கத்தில், எந்நேரமும் கூட ஒருவர், வலி வந்தால் உடனே கிளம்பும் ஏற்பாடு, இத்தனையும் இருந்தால்தான் இது நியாயமான தேர்வு.

"ஆபரேஷன் பண்ணும்போது உள்ள இருக்கிற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா? மயக்க மருந்து வேற குடுப்பாங்களே."

கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் கேட்பது. வழக்கமான அளவில் கொடுக்கப்படும் இன்றைய மயக்க மருந்துகள் மனிதக் கருவுக்குப் பிறவிக் குறைபாடு உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை. குழந்தைக்கு உண்மையான ஆபத்து, தாயின் ரத்த அழுத்தம் விழுவதும் ஆக்சிஜன் குறைவதும்தான். வெடித்த குழாய் அந்த இரண்டையும் செய்யும். வெடிக்கும் முன் செய்யும் அறுவை சிகிச்சை, குழந்தைக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு.

நிலைமை சீராக இருந்தால் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்வார்கள். வயிற்றுக்குள் காற்றழுத்தத்தை 10 முதல் 15 மி.மீ. பாதரசத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். வழக்கமாகக் கர்ப்பப்பையை அசைக்க அதன் வாய் வழியாக ஒரு கருவியைச் செலுத்துவதுண்டு; இங்கே அதைச் செலுத்தக் கூடாது, கர்ப்பப்பையைத் தேவையில்லாமல் தொடவும் கூடாது. ரத்தம் நிறையக் கசிந்து அழுத்தம் விழுந்திருந்தால் நேரத்தை வீணாக்காமல் வயிற்றைத் திறந்தும் செய்வார்கள். அது மருத்துவமனையின் வசதியையும் அறுவை மருத்துவரின் கையையும் பொறுத்தது. அதில் போய் லேப்ராஸ்கோப்பிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் வலிக்கு பாராசிட்டமால் கொடுப்பார்கள். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் வலி மாத்திரையைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"டியூப்பையே ஏன் எடுக்கணும்? கருவை மட்டும் எடுத்துட்டு டியூப்பை விட்டா அடுத்த குழந்தைக்கு உதவுமே?"

குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்தால் சில துணுக்குத் திசு உள்ளேயே தங்கிவிடலாம், அது மறுபடி வளரலாம். வெறும் குழாய்க் கர்ப்பத்தில் வாரா வாரம் எச்.சி.ஜி. பார்த்து அதைப் பிடித்துவிடுவார்கள். உங்களுக்கு எச்.சி.ஜி. உள்ளே உள்ள குழந்தையால் ஏறிக்கொண்டே இருக்கும். துணுக்கு மிஞ்சியிருந்தால் தெரியவே தெரியாது. பிடித்தாலும் மெத்தோட்ரெக்சேட் போட முடியாது. அதனால் பாதிக்கப்பட்ட குழாயை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் பத்திரம். மறு குழாய் நன்றாக இருந்தால் தானாகவே கருத்தரிக்க அது போதும்.

"டியூப்ல இல்ல, கர்ப்பப்பை மூலையிலன்னு சொல்றாங்க. அது பரவாயில்லையா?"

அது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அங்கே சுற்றிலும் தசை இருப்பதால் கரு கொஞ்ச காலம் அதிகமாகத் தாக்குப்பிடிக்கும், தாமதமாக வெடிக்கும், வெடித்தால் ரத்தப்போக்கு பயங்கரமாக இருக்கும். அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பைத் தசையையே வெட்டித் தைக்க வேண்டியிருக்கலாம். உள்ளே வளரும் குழந்தையோடு அந்தத் தையல் மாதக்கணக்கில் விரிய வேண்டும். அதனால் பிரசவம் வரை நெருக்கமான கண்காணிப்பும், பெரும்பாலும் வலி தொடங்கும் முன்பே சிசேரியனும் பரிந்துரைப்பார்கள்.

ஸ்கேனில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கடோலினியம் என்ற சாய ஊசி இல்லாமல் எடுப்பார்கள்.

"என் ரத்தம் நெகட்டிவ். ஊசி போடணுமா?"

ஆமாம், அறுவை சிகிச்சை நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பு உண்டாக்காமல் தடுப்பது) போடச் சொல்வார்கள். அவசரத்தில் மறந்துபோவது உண்டு, நீங்களே ஞாபகப்படுத்துங்கள். கர்ப்பம் தொடர்வதால் பிற்பாடு வழக்கமாகப் போடும் ஆன்டி-டி ஊசியும் உங்களுக்கு உண்டு. இதைப் போட்டாயிற்று என்று அதை விட்டுவிடக் கூடாது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை அவசியமா?"

குழாயை மட்டும் எடுத்து, கார்பஸ் லூட்டியம் பத்திரமாக இருந்தால் கட்டாயம் இல்லை. சினைப்பையோ அந்தக் கட்டியோ 10 வாரத்துக்கு முன் நீக்கப்பட்டால் அவசியம் வேண்டும். நஞ்சுக்கொடி அந்த வேலையை முழுதாக ஏற்க அவ்வளவு நாளாகும். உறைய வைத்த கருவை ஹார்மோன் மாத்திரை கொடுத்து வைத்திருந்தால் உங்களுக்குக் கார்பஸ் லூட்டியமே இருக்காது. அறுவை சிகிச்சை கலவரத்தில் அந்த மருந்துகள் ஒரு வேளைகூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உள்ள இருக்கிற குழந்தை தங்குமா? உண்மையைச் சொல்லுங்க."

மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தங்கிப் பிறக்கிறது. மீதிப் பேரில், குழாய்ப் பிரச்சினையே இல்லாவிட்டாலும் கலைந்திருக்கக்கூடிய கர்ப்பங்களும் அடக்கம். வெடித்து அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு நிலைமை சாதகமாக இருக்கும். முதல் சில வாரங்களைத் தாண்டித் துடிப்பு சீராக இருந்தால், பிறகு பெரும்பாலும் சாதாரணக் கர்ப்பம் போலத்தான் போகும்.

இதையே கேட்ட பெண், உடனே இன்னொன்றும் கேட்டார்: "ஒண்ணு போயிடுச்சுன்னு அழறதா, ஒண்ணு இருக்குன்னு சிரிக்கிறதா?" இரண்டையும் செய்யலாம். சுற்றியிருப்பவர்கள்தான் "அதான் ஒண்ணு இருக்கே" என்று வாயை அடைக்காமல் இருக்க வேண்டும்.

"அஞ்சு வாரம்தான் ஆகுது. உள்ள பை மாதிரி தெரியுது, துடிப்பு இல்ல. டியூப்லயும் சந்தேகம். இப்போ என்ன பண்ணுவாங்க?"

எல்லாவற்றிலும் சங்கடமான நிலை இதுதான். நீங்கள் சீராக இருந்தால் சில நாள் இடைவெளியில் மறு ஸ்கேன். ஆறு வாரத்தையொட்டித் துடிப்பு தெரிய வேண்டும். அதுவரை மெத்தோட்ரெக்சேட்டும் கூடாது, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதும் கூடாது. வலி கூடினாலோ வயிற்றுக்குள் ரத்தம் தெரிந்தாலோ, உள்ளே உள்ளதைத் தொடாமல் லேப்ராஸ்கோப்பியில் குழாயை நேரடியாகப் பார்த்துவிடலாம். காத்திருக்கும் அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள், தொலைதூரப் பயணம் வேண்டாம்.

"கரு கலைஞ்சு சுத்தமும் பண்ணியாச்சு. ரெண்டு வாரமாச்சு, இன்னும் வலி நிக்கல, டெஸ்ட்ல பாசிட்டிவ்னு காட்டுது."

கர்ப்பப்பையில் துணுக்கு மிஞ்சியிருக்கலாம். அதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் கலைந்தது இரண்டில் ஒன்றாகவும், மற்றது குழாயில் வளர்ந்துகொண்டும் இருக்கலாம். சுத்தம் செய்த பிறகு எச்.சி.ஜி. விழாமல் நின்றாலோ ஏறினாலோ, மறுபடி சுத்தம் செய்வதற்கு முன்னால் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தானாகக் கலைந்திருந்தாலும், விருப்பப்பட்டுக் கலைத்திருந்தாலும் இது பொருந்தும். இப்போது உள்ளே கர்ப்பம் இல்லை என்பதால் எச்.சி.ஜி. எண் மறுபடி நம்பகமானதாகிறது, மெத்தோட்ரெக்சேட்டும் சாத்தியமாகலாம்.

"அடுத்த தடவை இது வராம இருக்க என்ன பண்ணலாம்?"

ஐ.வி.எஃப். என்றால் ஒரே கருவை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பைக் குறைக்க நம் கையில் இருக்கும் பெரிய வழி அதுதான். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எப்படிக் கருத்தரித்தாலும் ஆறு வாரத்தையொட்டிப் பெண்ணுறுப்பு வழி ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, 'உள்ள குழந்தை இருக்கு, அப்போ டியூப்ல இருக்காது'ன்னு திருப்பி அனுப்பறாங்க. நான் என்ன சொல்றது?"

தானாகக் கருத்தரித்த பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பதில் சரியாகத்தான் இருக்கும். அதனால் உங்களை வேறுபடுத்திக் காட்டும் தகவலை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: "எனக்கு ஐ.வி.எஃப். பண்ணினாங்க, ரெண்டு கரு வெச்சாங்க" அல்லது "எனக்கு முன்னாடி டியூப் கர்ப்பம் வந்திருக்கு." அடுத்து, "ஹெட்டரோடோபிக் இருக்கான்னு பார்த்தீங்களா? சினைப்பை ரெண்டும் தெரிஞ்சுதா, வயித்துக்குள்ள ரத்தம் இருக்கா?" என்று கேளுங்கள். கரு வைத்த தேதி, எண்ணிக்கை, முந்தைய ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பிரிவு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அதைக் கூட வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள், வலியில் துடிப்பவரால் தேடி எடுக்க முடியாது. திருப்பி அனுப்பினாலும், வலி கூடினால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.